தில்லிப் புகையும் நம்ம ஊர் கம்பெனிச் செய்தியும்: எழுதுபவர் சுவாசிக்கும் காற்று செய்தியின் தொனியை மாற்றுமா?

சிட்கோ_லேத் (ஓசூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். எங்கள் மாதிரி பட்டறைகளுக்கு மாதத்தின் 1-ஆம் தேதி முக்கியமான நாள். வண்டிக் கம்பெனிகள் முந்தைய மாத விற்பனைக் கணக்கை அன்றுதான் வெளியிடும். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் இங்கேயே தொழிற்சாலை வைத்திருப்பதால், அந்த எண்களைப் பார்த்துத்தான் ராடு எவ்வளவு வாங்கிப் போடுவது, இரவு ஷிப்டுக்கு ஆள் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்போம்.

எண் ஒன்றுதான், ஆனால் சொல்கிற விதம் பேப்பருக்குப் பேப்பர் மாறுகிறது. ஒருவர் 'கடந்த ஆண்டைவிட உயர்வு' என்று தொடங்குகிறார். இன்னொருவர் அதே கணக்கை 'முந்தைய மாதத்தைவிடச் சரிவு' என்று தொடங்குகிறார். இரண்டுமே உண்மைதான். நவம்பர் வந்தால் தில்லியிலிருந்து வரும் செய்திகளில் 'கவலை', 'மந்தம்', 'நெருக்கடி' மாதிரி வார்த்தைகள் கூடுவதாக எனக்குப் படுகிறது. அந்த நேரத்தில்தான் அங்கே புகையும் மூடிக் கிடக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறவரின் மனநிலை எழுத்தில் இறங்காதா?

பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. 2019-ல் வாகன விற்பனை படுத்திருந்தபோது வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டைப் புதுப்பிக்கப் போனேன். வங்கியில் என் ஆர்டர்களைப் பார்ப்பதற்கு முன்பே மேஜையில் கிடந்த பேப்பரின் தலைப்பைக் காட்டி, "துறையே இப்படி இருக்கிறதே" என்றார்கள். செய்தியின் தொனி எங்கள் கடன் வரம்பு வரைக்கும் வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர்க்காரன்

அண்ணா, ஒரே ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல். ஊரடங்கில் தில்லி வானம் நீலமாக இருந்தது. ஜலந்தரிலிருந்து இமயமலைத் தொடர் தெரிந்தது என்று படம் போட்டார்கள். அந்த மாதம் வணிகச் செய்தி எப்படி இருந்தது? மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. 20-ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், பீப்பாய் மைனஸ் 37 டாலரில் முடிந்தது. காற்று சுத்தம், செய்தி முழுக்க இருட்டு. தொழில் நன்றாக இருந்தால் நல்லபடி எழுதுவார்கள், படுத்தால் படுத்தது என்று எழுதுவார்கள். இதற்குக் காற்று எதற்கு?

கணக்கு_வாத்தியார் (தருமபுரி)

பர்கூர்க்காரர் சொன்னதை ஒதுக்க முடியாது. செய்தியின் தொனியில் பெரும்பங்கு நடந்த சம்பவத்துக்குத்தான். மீதி இருக்கும் சின்னப் பங்கில் காற்றுக்கு இடம் உண்டா என்பதுதான் ஓசூர்க்காரர் கேட்பது.

முதலில் இரண்டு வழிகளைப் பிரித்துக்கொள்வோம். மாசே செய்தியாக வருவது ஒரு வழி. 2017 மார்ச் 29 அன்று, பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற வாகனப் புகை வரம்பின் மூன்றாம் படி) வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே நாளில் டீலர்கள் கையில் இருந்த வண்டிகளைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள். பிறகு 2020 ஏப்ரல் 1-ல், பி.எஸ். 5-ஐத் தாண்டி நேராக பி.எஸ். 6 வந்தது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10-க்கு இறங்கியது, எஞ்சின் விலை ஏறியது. அந்த நாட்களில் வாகனச் செய்திகள் கவலையோடு எழுதப்பட்டன என்றால் அதற்குத் தொழில் சார்ந்த காரணம் இருந்தது. தில்லியில் புகை கூடினால் கட்டுமானத்தை நிறுத்துகிறார்கள், டீசல் லாரிகளைத் தடுக்கிறார்கள். உடனே சிமென்ட், பெயின்ட், லாரி பற்றிய செய்திகளின் தொனி இறங்கும். எழுதுகிறவர் கொடைக்கானலில் உட்கார்ந்து எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்.

எழுதுகிறவரின் மூச்சு வழியாக வருவது இன்னொரு வழி. கேள்வி அதைப் பற்றியது. பத்திரிகையாளருக்கு மிக அருகில் வரும் ஆய்வுகளைச் சொல்கிறேன்.

சீனாவில் 144 நகரங்களிலிருந்து 2014-ல் ட்விட்டர் மாதிரியான வெய்போ தளத்தில் போடப்பட்ட 21 கோடி பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் கூடிய நாட்களில் மக்கள் எழுத்தில் மகிழ்ச்சி குறைந்தது. கனடாவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2006 முதல் 2011 வரை பேசிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூற்றுகளை ஆராய்ந்தார்கள். நுண்துகள் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டிய நாட்களில் பேச்சின் மொழித்தரம் இறங்கியது. அந்த 15-ஐக் கவனியுங்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரிக்குச் சொன்ன அளவும் அதுதான். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. அவர்களுக்கு வார்த்தை தடுமாறுகிற அளவு நமக்கு 'நல்ல காற்று' கணக்கில் சேர்ந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தொழிற்சாலைகள் முழுவீச்சில் ஓடினால் புகையும் கூடும், லாபமும் கூடும், செய்தியும் நல்லபடியாக வரும். புகையையும் தொனியையும் வெறுமனே பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புகை வந்தால் செய்தி நன்றாக வருகிறது என்றுகூடத் தோன்றிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் தொழிலோடு சம்பந்தமில்லாத காரணத்தால் காற்று கெட்ட நாட்களைத் தேடுகிறார்கள். காற்று வீசும் திசை ஒன்று, வெப்பத் தலைகீழாக்கம் இன்னொன்று. மார்கழிக் காலையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அடுப்புப் புகை கூரைக்கு மேலே கொஞ்ச தூரம் ஏறும், அப்புறம் அப்படியே படுத்துப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிக் கிடக்கும். கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான அடுக்கு, அது மூடியாகிவிடுகிறது. எரித்த விறகு நேற்றைய அளவுதான், சுவாசிக்கும் புகை மட்டும் பல மடங்கு. நியூயார்க்கில் 2023 ஜூன் 7 அன்று வானமே ஆரஞ்சு நிறமாகிப் போனது. புகை கனடாவின் காட்டுத்தீயிலிருந்து வந்தது. பங்குச்சந்தைக்கும் அந்தத் தீக்கும் ஒட்டு உறவில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் எழுதுகிறவரின் மூச்சைத் தனியாகப் பார்க்க முடியும்.

அரூர்_மாணவி

சார், நான் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். வணிக நிருபர்கள் ஏ.சி. அறையில், கதவு சாத்தி உட்கார்ந்துதானே எழுதுகிறார்கள். வெளியே இருக்கும் புகை அவர்களை எப்படிப் பாதிக்கும்?

கணக்கு_வாத்தியார்

நல்ல கேள்விம்மா. வடக்கு கலிபோர்னியாவில் பேரிக்காய் பேக்கிங் செய்கிற கூடத்தில் ஒரு ஆய்வு நடந்தது. எல்லோரும் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்கள், எத்தனை பெட்டி கட்டினார்களோ அதற்கேற்ற கூலி. வெளியே நுண்துகள் கூடிய நாட்களில் உள்ளே பேக்கிங் குறைந்தது. ஓசோன் கூடிய நாட்களில் அப்படி ஆகவில்லை. ஓசோன் சுவரிலும் துணியிலும் பட்டுச் சிதைந்துவிடும். நுண்துகள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, நுண்துகளை வடிகட்டுவதில்லை.

சீனாவில் பயண ஏஜென்சி ஒன்றின் கால் சென்டரிலும் இதேதான். ஷாங்காய், நான்டாங் இரண்டு ஊர் அலுவலகத்திலும் மாசு கூடிய நாளில் ஊழியர்கள் எடுத்த அழைப்புகள் குறைந்தன. இடைவேளைதான் நீண்டது. அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற வேலைதான்.

பர்கூர்க்காரன்

சரி சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் ஜல்லி கிரஷர் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். லோடு ஏற்றும் நேரத்தில் எதிரே நிற்கிற டிப்பர் தெரியாது. பில் புத்தகத்தின் மேல் பக்கம் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும், கையால் தட்டினால் பக்கத்துப் பக்கத்தில் படியும். தண்ணீர் தெளிப்பான் இருக்கிறது, போடுகிற நாளும் இருக்கிறது, போடாத நாளும் இருக்கிறது. கிருஷ்ணகிரி கிரானைட் பற்றி வணிகப் பக்கத்தில் செய்தி வந்தால் 'ஏற்றுமதி', 'அன்னியச் செலாவணி', 'பாரடைசோ கல்லுக்கு வெளிநாட்டில் வரவேற்பு' என்றுதான் வருகிறது. அந்தத் தொனியில் எங்கள் காற்று எங்கே இருக்கிறது? தில்லி நிருபருக்கு மூச்சு முட்டினால் செய்தி மாறும் என்கிறீர்கள். இங்கே மூச்சு முட்டுகிறவர்களில் ஒருவர்கூடச் செய்தி எழுதுகிறவர் இல்லையே.

சிட்கோ_லேத்

தம்பி, நீங்கள் சொன்னது மனதில் தைக்கிறது. நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

கணக்கு_வாத்தியார்

பர்கூர்க்காரருக்கு ஒரு தகவல். கிரஷர் தூசியில் எடைக்கணக்கில் பெரும்பகுதி பெரிய துகள். அதில் கலந்திருக்கும் மிக நுண்ணிய சிலிக்காதான் நுரையீரலின் அடிவரை போய் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருவது. கண்ணுக்குத் தெரிகிற தூசி குறைந்துவிட்டது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. தண்ணீர் தெளிப்பதை எழுத்தில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இயக்க அனுமதியிலேயே தூசிக் கட்டுப்பாட்டு நிபந்தனைகள் இருக்கும்.

நெறியாளர்

கட்சி அரசியல் பேசிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். மற்றபடி தொடருங்கள்.

பழைய_டெஸ்க் (பாலக்கோடு)

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். சென்னையில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் துணையாசிரியராக இருந்தேன், இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் மாசு வந்தால் செய்தி இருட்டாகும் என்ற ஒரே திசையில் பேசுகிறீர்கள். டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தும் மேசையில், உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசந்துபோன நிருபர் எழுதும் காப்பி (செய்திப் பிரதி) பல நேரம் பளிச்சென்று இருக்கும்.

எப்படி என்றால், காலாண்டு முடிவு வரும் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் சந்தை முடிந்த பிறகுதான் முடிவைப் பங்குச்சந்தைக்கு அனுப்பும். ஒரே மாலையில் இருபது முப்பது கம்பெனி. ஒவ்வொன்றோடும் ஒரு பிரஸ் நோட் வரும். 'நிகர லாபம் 40% உயர்வு' என்று அதன் முதல் வரி இருக்கிறது என்று வையுங்கள். அதன் கீழே எட்டுப் பக்க அட்டவணை. நல்ல நிருபர் நேராக அட்டவணைக்குப் போவார். 'இதர வருமானம்' என்ற வரியில் விரலை வைப்பார். போன வருடத்தைவிட அது திடீரென்று பெருத்திருந்தால், கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் புரட்டுவார். அங்கே ஐந்தாவது குறிப்பில் 'நிலம் விற்றதில் கிடைத்த ஆதாயம்' என்று ஒரு வாக்கியம் இருக்கும். அவ்வளவுதான், செய்தியே மாறிவிடும். வியாபாரத்தில் வந்த லாபம் இல்லை, இடம் விற்று வந்த காசு. தலைப்பு 'லாபம் உயர்ந்தாலும் விற்பனை மந்தம்' என்று ஆகும்.

தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்போடு உட்கார்ந்திருப்பவர் அந்தக் குறிப்புகள் வரை போகமாட்டார். பிரஸ் நோட்டைச் சுருக்கி அனுப்பிவிடுவார். கம்பெனியின் பிரஸ் நோட்டில் சோகமான வார்த்தை எப்போதும் இருக்காது. ஆக, கெட்ட காற்று நாளில் கம்பெனிச் செய்திகள் வழக்கத்தைவிட நல்ல தொனியில் வரக்கூடும்.

இதற்கு நேர் எதிர், அன்றன்றைய சந்தை நிலவரம். அதற்கு யாரும் பிரஸ் நோட் தருவதில்லை. சென்செக்ஸ் ஏன் இறங்கியது என்று நிருபரே காரணம் கட்ட வேண்டும், வினைச்சொல்லையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். 'சற்றே குறைந்தது', 'சரிந்தது', 'ஆட்டம் கண்டது', 'ரத்தக்களரி' எல்லாமே ஒரே எண்ணுக்குப் பொருந்தும். அங்கே மனநிலை நேராக இறங்கும்.

எனவே தொனியை அளக்க நினைப்பவர்கள் இரண்டு வகைச் செய்தியையும் ஒரே மூட்டையில் போடக் கூடாது. போட்டால் ஒன்று மேலே இழுக்கும், ஒன்று கீழே இழுக்கும், கடைசியில் காற்றுக்கும் செய்திக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்து நிற்கும். என்னைக் கேட்டால், கெட்ட காற்று செய்தியிலிருந்து முதலில் எடுப்பது கேள்விகளைத்தான். தொனி மாறுவது அதற்குப் பின்னால் வருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தருமபுரிப் பதிப்பில் நாம் படிக்கும் அகில இந்திய வணிகச் செய்தியில் கணிசமான பங்கு ஏஜென்சி காப்பி. பி.டி.ஐ. என்ற செய்தி ஏஜென்சிக்குத் தலைமையகம் தில்லி. அங்கே ஒருவர் 'கவலை' என்று ஆங்கிலத்தில் அடித்தால், அது சேலத்திலோ சென்னையிலோ மொழிபெயர்ப்பாகி, மறுநாள் காலை பாலக்கோடு டீக்கடையில் 'கவலை' என்றே படிக்கப்படும். ஒகேனக்கல் பக்கமிருந்து நல்ல காற்று வீசினாலும் நாம் படிப்பது தில்லிக் காற்றில் எழுதிய வரியைத்தான்.

அரூர்_மாணவி

ஐயா, இது எனக்கு ரொம்பப் புதுசாக இருக்கிறது. நேரம் நெருக்கும்போது பாதிப்பு கூடுமா?

கணக்கு_வாத்தியார்

கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதும்மா. ஜெர்மனியில் செஸ் போட்டி நடக்கும் அறையிலேயே காற்றை அளந்து, ஒவ்வொரு நகர்த்தலும் சரியா தப்பா என்று கணினியை வைத்துச் சோதித்தார்கள். நுண்துகள் கூடினால் தப்பான நகர்த்தல் கூடியது. கடிகாரம் நெருக்குகிற கட்டத்தில் இன்னும் கூடியது. பழைய டெஸ்க் சொல்லும் மாலை நேரப் பரபரப்புக்கு இது அப்படியே பொருந்துகிறது.

காவேரிப்பட்டணம்

மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், சேமிப்பில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு தடை இருக்கிறது.

வருடா வருடம் அதே புகையில் இருக்கிற தில்லிக்காரருக்கு அது பழகிப் போயிருக்காதா? பாய்லர் பக்கத்தில் வேலை செய்பவருக்குச் சூடு உறைக்காது. புதிதாக உள்ளே வருகிறவர்தான் வேர்த்துப் போய் வெளியே ஓடுவார்.

அப்புறம், தொனியைத் தீர்மானிப்பதில் நிருபர் எங்கே நிற்கிறார் என்பதும் இருக்கிறது. மாங்கனி சீசனில் தோட்டத்தில் நின்று எழுதியவர் 'விவசாயிகள் வேதனை' என்பார். ஆலை வாசலில் நின்றவர் 'வரத்து அதிகரிப்பு, ஆலைகள் சுறுசுறுப்பு' என்பார். அதே கிளிமூக்கு மாங்காய், அதே விலை. இந்த வித்தியாசத்தின் முன்னால் காற்றின் பங்கு எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

கணக்கு_வாத்தியார்

அக்கா கேட்ட இரண்டுக்கும் ஒரே ஆய்வில் பதில் இருக்கிறது. இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சீனாவில் முதலீட்டு ஆய்வாளர்கள் கம்பெனிகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்த வருடம் லாபம் எவ்வளவு வரும் என்று கணிப்பு எழுதுவார்கள். அவர்கள் போன நாளில் அந்த ஊரின் காற்று எப்படி இருந்தது என்று சேர்த்துப் பார்த்தார்கள். காற்று 'நன்று' என்ற நிலையிலிருந்து 'கடும் மாசு' நிலைக்குப் போனால், லாபக் கணிப்பு 1 சதவீதப் புள்ளிக்கு மேல் இறங்குகிறது. கம்பெனி பிறகு உண்மையில் ஈட்டிய லாபத்தோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள். கம்பெனி மோசமாக இருந்ததால் இறங்கவில்லை, பார்க்கப் போன நாள் மோசமாக இருந்தது.

அதில் மூன்று விஷயம் கிடைத்தது. பார்த்துவிட்டு வந்த சில வாரத்துக்குள் எழுதிய கணிப்பில்தான் இந்த இறக்கம் இருந்தது, தள்ளி எழுதியதில் இல்லை. மனநிலைதான் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அடுத்து, வெவ்வேறு பங்குத் தரகு நிறுவனங்களிலிருந்து பல ஆய்வாளர்கள் ஒரே நாளில் போயிருந்தால் இறக்கம் குறைவு. நாலு பேர் பார்வை சேர்ந்தால் ஒருவரின் சோர்வு கொஞ்சம் சமனாகிறது. மூன்றாவது அக்கா சொன்னதேதான். எப்போதும் மாசில் வாழ்கிற நகரத்திலிருந்து வந்த ஆய்வாளர்களிடம் பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே ஓசூர்க்காரர் தில்லியைப் பார்த்தார், நான் பெங்களூரையும் சென்னையையும் பார்க்கச் சொல்வேன். வழக்கமாக ஓரளவு நல்ல காற்றில் இருப்பவர்களுக்குத் திடீரென்று கெட்டுப்போன நாள்தான் உறைக்கும். 2018 போகி அன்று சென்னையில் புகை மூடி விமானங்களே தாமதமானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் எழுதிய காப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய_டெஸ்க்

போகியை எடுத்தால் ஒரு தொல்லை இருக்கிறது சார். மறுநாள் பொங்கல். பாதி டெஸ்க் ஊருக்குக் கிளம்பியிருக்கும். பண்டிகை விற்பனை, ஜவுளிக்கடைக் கூட்டம் என்று செய்தியே சந்தோஷமாக இருக்கும். புகை கீழே தள்ளினாலும் பண்டிகை மேலே தூக்கும்.

அப்புறம் அந்த 'நாலு பேர் பார்வை' என்பது டெஸ்க்குக்கு அப்படியே பொருந்தும். நிருபர் எழுதியதைத் துணையாசிரியர் படிப்பார், தலைமைத் துணையாசிரியர் தலைப்பை மாற்றுவார், பக்கம் போகும் முன் இன்னொருவர் பார்ப்பார். இப்போது இணையத்தில் நிருபரே எழுதி நிருபரே ஏற்றுகிறார். அந்தத் தடுப்புகள் போய்விட்டன. காற்றைப் பற்றிய பேச்சு ஒருபுறம் இருக்கட்டும், டெஸ்க்கில் ஆளைக் குறைத்ததன் விலை இது என்பது என் உறுதியான எண்ணம்.

காவேரிப்பட்டணம்

சரி, நியாயமாக இருக்கிறது. இந்தத் தொனி என் மாதிரி சின்ன முதலீட்டாளரை எவ்வளவு ஆட்டும் என்பதையும் சொல்லுங்கள். தலைப்பைப் பார்த்துப் பயந்து விற்றுவிட்டு, அடுத்த வாரம் விலை ஏறும்போது வயிறெரிந்தவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

கணக்கு_வாத்தியார்

பால் டெட்லாக் என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே செய்தது போல இருக்கும். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் தினமும் வரும் சந்தைப் பத்தியை 1984 முதல் 1999 வரை எடுத்துக்கொண்டார். பத்தியில் அவநம்பிக்கை கூடினால் அதைத் தொடர்ந்து விலை இறங்குகிறது, அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. புதிய தகவலால் விழுந்திருந்தால் விழுந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். திரும்பி வந்ததால், தள்ளியதில் பெரும்பங்கு வார்த்தைக்குத்தான். அதே பத்தியை வைத்து 2012-ல் வேறு நால்வர் இன்னொன்றைக் காட்டினார்கள். அன்று பத்தி எழுதும் பொறுப்பு எந்த நிருபருடையது என்பதைக் கொண்டே மறுநாள் சந்தையை ஓரளவு கணிக்க முடிந்தது. எழுதுகிற ஆள் மாறினால் சந்தை அசைகிறது என்றால், அதே ஆளின் நல்ல நாளும் கெட்ட நாளும் அசைக்காது என்று சொல்ல முடியுமா?

சிட்கோ_லேத்

இது தெரிந்திருந்தால் அன்று வங்கியில் தைரியமாகப் பேசியிருப்பேன் சார். இனிமேல் 1-ஆம் தேதி கம்பெனியே பங்குச்சந்தைக்கு அனுப்பும் கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோகப் போகிறேன். எண் மட்டும் இருக்கும், வினைச்சொல் இருக்காது.

அரூர்_மாணவி

நான் இதையே புராஜெக்ட்டாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஓசூர் அண்ணா சொன்ன மாத விற்பனைக் கணக்குதான் அடிப்படை. ஒரே நாள், ஒரே எண், வெவ்வேறு ஊரில் எழுதிய செய்திகள். அந்தந்த ஊரின் அன்றைய நுண்துகள் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை எண்ணித் தொனியை அளப்பேன். சரியாக வருமா சார்?

கணக்கு_வாத்தியார்

வரும்மா, ஆனால் வார்த்தைப் பட்டியலில் கவனம். 2011-ல் லக்ரன், மெக்டொனால்டு இருவரும் அமெரிக்கக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைச் சோதித்தார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு உருவாக்கிய பட்டியலில் 'எதிர்மறை' என்று இருந்த வார்த்தைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று, நிதி எழுத்தில் எதிர்மறையே இல்லை. வரி, செலவு, பொறுப்பு எல்லாம் கணக்கில் சாதாரணமாக வருபவை. தமிழுக்கு நீயே பட்டியல் போட வேண்டும். இரண்டு பேரை உட்காரவைத்துத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல், ஒத்துப்போகிறதா என்று பார்.

தீபாவளியையும் மறந்துவிடாதே. சில வருடம் அக்டோபரில் வரும், சில வருடம் நவம்பரில் வரும். அதனால் 'கடந்த ஆண்டு இதே மாதம்' என்ற ஒப்பீடே தடம் மாறும். புகையும் அதே வாரத்தில்தான் ஏறும்.

பழைய_டெஸ்க்

என் பங்குக்கும் சொல்கிறேன்ம்மா. பைலைனும் (எழுதிய நிருபரின் பெயரும்) தேதியிட்ட ஊர்ப்பெயரும் இருக்கிற செய்தியை மட்டும் எடு. ஏஜென்சி காப்பியைக் கலந்தால் சென்னைப் பேப்பரில் தில்லியின் எழுத்தையே அளந்துகொண்டிருப்பாய். இணையப் பதிப்பு வேண்டாம், நள்ளிரவில் தலைப்பை மாற்றிவிடுவார்கள். அச்சுப் பிரதியே நம்பகம். தில்லியில் மாசு முற்றினால் அலுவலகங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்வார்கள், அந்தத் தேதிகளைத் தனியாகக் குறித்து வை. முக்கியமாக, செய்தியில் கம்பெனி சொல்லாத தகவல் எத்தனை இருக்கிறது என்று ஒரு கட்டம் போடு. நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தையைவிட அந்தக் கட்டத்தில்தான் காற்று தெரியும் என்று நினைக்கிறேன்.

பர்கூர்க்காரன்

பாப்பா, முடிந்தால் எங்கள் ஊர் கல் தொழில் பற்றி வந்த வணிகச் செய்திகளையும் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொள். அதில் தூசி என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணிச் சொன்னால் போதும்.

அரூர்_மாணவி

கண்டிப்பாகச் சேர்க்கிறேன் அண்ணா, தனி அத்தியாயமாகவே வைக்கிறேன். சார், 2020 ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடலாமா? விற்பனையே இல்லாத மாதங்கள்.

கணக்கு_வாத்தியார்

விடாதேம்மா. முக்கியக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள். காற்று சுத்தமாக இருந்தும் தொனி விழுந்த மாதங்கள் அவை. சம்பவத்தின் எடை எவ்வளவு என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

சிட்கோ_லேத்

மாத விற்பனைக் கணக்குகள் 2016 முதல் என்னிடம் எக்செல்லில் இருக்கின்றன, கம்பெனிவாரியாக. லாரி, பஸ், டூவீலர் என்று பிரித்தே வைத்திருக்கிறேன். இங்கேயே இணைப்பு போடுகிறேன். ஞாயிறன்று பட்டறை லீவு, அன்றைக்கு ஏற்றிவிடுகிறேன்.